203-க்கு 202, அப்புறம் 388-க்கு 1

"அமெரிக்கா ஏன் இரண்டாம் உலகப் போருக்குள்ள வந்துச்சு?"ன்னு கேட்டா "பேர்ல் ஹார்பர்"னு டக்குனு சொல்லிடுவோம். ஸ்கூல்ல எழுதின ரெண்டு மார்க் பதில் அது. சரியான பதில்தான். ஆனா எட்டு போர்க்கப்பல் மேல குண்டு விழுந்ததும் ஒரு நாடு முழுசா எப்படி மனசு மாறிச்சுன்னு அந்தப் பதில்ல இல்ல.

1941 ஆகஸ்ட்டுக்குப் போவோம். கட்டாய ராணுவச் சேவையில் இருந்தவர்களின் காலத்தை நீட்டிக்க ஒரு மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வருது. 203-க்கு 202. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல பாஸ் ஆச்சு. ஐரோப்பா எரிஞ்சுக்கிட்டிருந்த நேரத்துல, இருக்கிற படையைக் கலைக்காம வச்சுக்கிறதுக்கே இவ்வளவு இழுபறி!

அதுக்காக அமெரிக்கா அப்போ சும்மா வேடிக்கை பார்த்துச்சுன்னு நினைச்சுடாதீங்க. 1935-லிருந்து நடுநிலைச் சட்டங்கள் இருந்தாலும், அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமா தளர்த்திட்டே வந்தாங்க. 1941 மார்ச்சில் கடன்-குத்தகைச் சட்டம் மூலம் பிரிட்டனுக்கு ஆயுதம் போக ஆரம்பிச்சது. அப்புறம் அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்கு அமெரிக்கக் கடற்படையே காவல் போனது. அக்டோபர் 31 அன்று ரூபன் ஜேம்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடிச்சது. சுமார் நூறு மாலுமிகள் இறந்தாங்க.

அப்பவும் போர் வரல. இதுதான் என்னை ரொம்ப யோசிக்க வச்ச இடம். "நம்ம கப்பலுக்கு அங்க என்ன வேலை?"ன்னு கேட்க உள்நாட்டில் ஆள் இருந்தாங்க. அந்தக் கேள்வியில நியாயமும் இருந்தது.

இன்னொரு பக்கம் ஜப்பான். 1937-லிருந்து சீனாவோட போர். 1941 ஜூலையில் இந்தோசீனாவின் தென்பகுதிக்குள்ளயும் படை நுழைஞ்சதும், அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்கி, எண்ணெயையும் நிறுத்திடுச்சு. ஜப்பானுக்கு வந்த எண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்துதான். டேங்க் காலியாகிறதுக்குள்ள ஒண்ணு பணியணும், இல்லன்னா டச்சுக்காரர்கள் கையில இருந்த இந்தோனேசிய எண்ணெய்க் கிணறுகளைப் பிடிக்கணும். பிடிக்கப் போனா குறுக்க வரக்கூடியது ஹவாயில் நிற்கும் அமெரிக்கக் கடற்படை. அதை முதல்லயே அடிச்சு முடக்கிட்டா, அமெரிக்கா சோர்ந்துபோய்ப் பேச்சுவார்த்தைக்கு வரும்னு கணக்கு போட்டாங்க.

அதுக்கான தயாரிப்பு அசாத்தியம். அந்தத் துறைமுகத்தின் ஆழம் சுமார் 12 மீட்டர்தான். விமானத்திலிருந்து போடுற டார்பிடோ சாதாரணமா அதைவிட ஆழமாப் போய்ச் சேற்றில் குத்திடும். ஜப்பான் பொறியாளர்கள் அதுல மரத்துடுப்புகளைப் பொருத்தி அதிகம் மூழ்காமப் பார்த்துக்கிட்டாங்க. டிசம்பர் 7, ஞாயிறு காலை. 6 விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து 350-க்கும் மேற்பட்ட விமானங்கள். 7.02-க்கே அமெரிக்க ரேடாரில் புள்ளிகள் தெரிஞ்சது. நம்ம விமானங்கள்தான் வருதுன்னு நினைச்ச அதிகாரி, கவலைப்படாதீங்கன்னு சொல்லிட்டார். 7.55-க்கு முதல் குண்டு. மொத்தம் 2,403 அமெரிக்கர்கள் இறந்தாங்க.

இந்த நேரத்துல வாஷிங்டனில் ஜப்பான் தூதர்களோட பேச்சுவார்த்தை இன்னும் முறியல. பேச்சை முடிச்சுக்கிறோம்னு சொல்ற கடிதம், டைப் பண்ணித் தர தாமதமாகி, தாக்குதல் தொடங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கைக்குப் போனது. அதுலயும் "போர்"ங்கிற அறிவிப்பு இல்லை. கடிதம் நேரத்துக்கே போயிருந்தாலும் பெரிசா எதுவும் மாறியிருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது.

ரூபன் ஜேம்ஸ் விஷயத்தில் "நாம ஏன் அங்க போனோம்?"னு கேட்க முடிஞ்சது. இங்க கப்பல் சொந்தத் துறைமுகத்துல நின்னுட்டிருந்தது. போர் வேண்டாம்னு சொல்லிட்டிருந்தவங்க கையில இருந்த ஒரே வாதமே போயிடுச்சு. சுமார் எட்டு லட்சம் உறுப்பினர்களோட போரை எதிர்த்துவந்த 'அமெரிக்கா ஃபர்ஸ்ட்' குழு சில நாளிலேயே தன்னைக் கலைச்சுக்கிட்டது. டிசம்பர் 8 அன்று செனட்டில் 82-க்கு 0. ஆகஸ்ட்டில் ஒரு ஓட்டில் தப்பிச்ச அதே பிரதிநிதிகள் சபையில் 388-க்கு 1. அந்த ஒரு ஓட்டு ஜெனட் ரேங்கினுடையது. 1917-லயும் போருக்கு எதிரா ஓட்டுப் போட்டவர். இந்தத் தடவை கோபத்தோட சூழ்ந்தவங்ககிட்டேருந்து தப்பிக்க ஒரு டெலிபோன் பூத்துக்குள்ள போய் நிற்க வேண்டியிருந்தது.

கவனிங்க, அந்த அறிவிப்பு ஜப்பான் மேல மட்டும்தான். ஜெர்மனி அதில் இல்லை. ஜப்பானை யாராவது தாக்கினா உதவணும்னுதான் ஜெர்மனியோட ஒப்பந்தம். ஜப்பானே போய் அடிச்சா உதவணும்னு கட்டாயம் இல்லை. இருந்தும் டிசம்பர் 11 அன்று ஹிட்லரே அமெரிக்கா மேல போர் அறிவிச்சார். ரூஸ்வெல்ட் காங்கிரஸில் முட்டி மோதி வாங்க வேண்டியிருந்திருக்கும் ஒன்று, தானா வீடு தேடி வந்தது.

அன்னைக்கே அமெரிக்காவும் பதிலுக்கு ஜெர்மனி மேல போர் அறிவிச்சது. பிரதிநிதிகள் சபையில் 393-க்கு 0. ரேங்கின் இந்த முறை ஆதரவும் சொல்லல, எதிர்ப்பும் சொல்லல. "பிரசென்ட்"னு மட்டும் பதிவு பண்ணினாங்க.