சிறகும் எஞ்சினும்

புதுவைக் கடற்கரையில், 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த போரில் உயிர் துறந்த பிரெஞ்சிந்திய வீரர்க்கென எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தின் எதிரே ஒரு மாலை யாம் நண்பர் சிலரோடு அமர்ந்திருந்தோம். பேச்சு இரண்டாம் உலகப் போரின்மேற் சென்றது. "அப்போரின் தொடக்கத்தில் இத்தாலியர் தம் போர் விமானங்களைச் சிறிது திருத்தியிருப்பின் மேம்பட்டிருப்பரோ?" என்று நண்பர் ஒருவர் வினவினார். தமிழ் பயில்வார்க்கு விமானத்தோடு என்ன உறவென்று ஏனையோர் நகைத்தனர். ஆயினும் அவ்வினா எம்மை விட்டு அகலவில்லை. படித்து ஆராய்ந்தபோது, அதன் விடை நம் நாட்டு வரலாற்றிலும் இருக்கக் கண்டோம். அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இத்தாலி 1940 ஜூன் 10-ஆம் நாள் போரிற் புகுந்தது. அந்நாட்டு வல்லுநர் திறமையிற் குறைந்தவரல்லர். மரியோ கஸ்தோல்தி என்பார் அமைத்த கடல் விமானம் 1934-இல் மணிக்கு 709 கிலோமீட்டர் விரைந்து உலகச் சாதனை நாட்டியது. ஆனால் அவரே அமைத்த 'மக்கி 200' என்னும் போர் விமானமோ மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டரே செல்ல வல்லதாயிற்று. காரணம் யாதெனின், காற்றாற் குளிரும் அதன் எஞ்சின் ஏறத்தாழ 870 குதிரைத் திறனே உடையது. அதன் அகன்ற முகமோ காற்றை எதிர்த்து நின்றது. அவ்விமானம் இரண்டு துப்பாக்கிகளையே ஏந்தியது. மேலும் இரண்டு சேர்க்கலாமே எனின், பாரம் மிகும்; வேகம் குறையும். கவசத் தகடு சேர்ப்பினும் முடிவு அதுவே. ஆகவே நண்பர் கருதிய திருத்தங்கள் யாவும் எஞ்சின் என்னும் ஒரே வாயிலில் வந்து நிற்பனவாம்.

1940 ஆகஸ்டில், அவ்விமானத்தின் சிறகையும் வாலையும் பெரும்பாலும் அவ்வாறே வைத்து, ஜெர்மானிய டைம்லர்-பென்ஸ் எஞ்சினைப் பொருத்தி 'மக்கி 202' பறக்கவிடப்பட்டது. வேகம் 600 கிலோமீட்டரை எட்டியது. எனினும் அது போர்க்களம் கண்டது 1941-இன் பிற்பகுதியிலேதான். பின்னரும் எஞ்சின் கிடைத்த அளவிற்கே விமானமும் கிடைத்தது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1956-இல் கூர்ட் டாங்க் என்னும் ஜெர்மானிய வல்லுநர் பெங்களூரிலுள்ள இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு வந்தார். அவர் நம் பொறியாளரோடு கூடி அமைத்த போர் விமானத்தின் பெயர் 'மருத்'. அது காற்றைக் குறிக்கும் வடசொல். நாம் வழங்கும் மாருதமும் அதன் உறவே. 1961 ஜூன் 17-ஆம் நாள் சுரஞ்சன் தாஸ் என்னும் விமானி அதனை முதன்முதல் வானிற் செலுத்தினார்.

ஒலியினும் இருமடங்கு விரைய வேண்டுமென்பதே அதனை அமைத்தோர் கருத்து. அதற்கென எண்ணிய எஞ்சின், பிரிட்டனில் ஆக்கப்பட்டு வந்த 'ஆர்பியஸ் 12'. பிரிட்டன் அதனை இடையிலே கைவிட்டது. செலவை ஏற்று அப்பணியைத் தொடரச் செய்ய இந்தியா முன்வரவில்லை. ஆகவே, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,200 கிலோ உந்துவிசையே தரும் 'ஆர்பியஸ் 703' எஞ்சின்கள் இரண்டு பொருத்தப்பட்டன. ஒலியை வெல்லப் பிறந்த உடல் ஒலியின் வேகத்தை அண்மியதோடு அமைந்தது.

குறையை நீக்க முயலாமலும் இல்லை. எகிப்து ஆக்கி வந்த எஞ்சினைச் சோதித்தற்கு மருத் ஒன்று அந்நாட்டிற்கு அனுப்பப்பட்டது. எகிப்து அம்முயற்சியை 1969-இல் நிறுத்தியது. எஞ்சினின் பின்புறத்தில் மேலும் எரிபொருளை எரித்து விசையைப் பெருக்கும் முறையும் ஆராயப்பட்டது. அவ்வாறு மாற்றிய விமானம் ஒன்றைச் செலுத்தியபோது, 1970 சனவரி 10-ஆம் நாள் சுரஞ்சன் தாஸ் பெங்களூரில் விபத்துற்று உயிர் நீத்தார். அவ்விபத்திற்கு எஞ்சினே காரணமென்று யாம் கூறுகின்றிலேம். ஆயினும் ஒரு நாடு செலவிடத் தயங்கிய பொருளுக்கு ஈடாக அதன் விமானிகள் எத்தகைய துணிவை அளிக்க நேர்கின்றது என்பதை நினையாதிருக்க இயலவில்லை.

மருத்தை இழிவாகப் பேசுதலும் முறையன்று. 1971 டிசம்பர்ப் போரில் அது ராஜஸ்தான் எல்லையில் தாழப் பறந்து தரைப்படைக்குத் துணை புரிந்தது. வான் சண்டையில் ஒன்றேனும் வீழ்த்தப்படவில்லை. பயிற்சி விமானங்கள் உட்பட 147 மருத்துகள் செய்யப்பட்டன. எனினும், நல்ல எஞ்சின் வாய்த்திருப்பின் அஃது எத்துணை உயர்ந்திருக்கும் என்னும் வினா இன்றும் எழுந்துகொண்டே இருக்கின்றது. அதன் பின்னர் நம்மவர் அமைத்த 'தேஜஸ்' 2001 சனவரி 4-ஆம் நாள் முதன்முதற் பறந்தபோதும், அதனைச் சுமந்தது அமெரிக்க எஞ்சினே.

ஆதலின் நண்பரின் வினாவிற்கு எம் விடை இதுவாகும்: போர் தொடங்கிய பின்னர்ச் செய்யும் சிறு திருத்தங்கள் பெரும்பயன் தாரா. சிறகு சில ஆண்டுகளில் அமையும். எஞ்சினோ நெடுங்காலப் பொறுமையையும் பொருளையும் வேண்டுவது. உலோகம் உருக்கக் கற்று, வெப்பந் தாங்கச் செய்து, பலமுறை உடைந்தும் மீண்டும் முயன்று பெறுவது அது. கண்ணைக் கவர்வது சிறகே. அதனால் அதற்குப் புகழ் எளிதிற் கிட்டும். உள்ளே மறைந்திருப்பதற்கு உழைப்பவரைப் போற்றும் நாடே பிறர் கையை நோக்காது பறக்கும். நம் கல்லூரியில் விஞ்ஞானம் பயிலும் நண்பர்காள்! சிறகு வரைவார் பலர் உளர். உங்களுட் சிலரேனும் எஞ்சினை நாடுவீராக.