இன்சுலின் போடும் குழந்தைக்கு இன்னும் என்ன பரிசோதனை?

நோய்க்கிருமிகளை எதிர்க்க நம் உடலிலேயே ஒரு காவற்படை உண்டு. சிலருக்கு அப்படை நெறி பிறழ்ந்து, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களையே அழித்துவிடுகிறது. பெரும்பாலும் இளமையில் தொடங்கும் முதல் வகை நீரிழிவு இதுவே. இது இனிப்புத் தின்றதால் வந்ததன்று, தெய்வக் குற்றமுமன்று. இன்சுலினை ஒரு நாளும் நிறுத்தலாகாது.

அப்படை பிற உறுப்புகளையும் தாக்கக்கூடும். மிகுதியாகத் தாக்கப்படுவது கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி. அது குன்றினால் சோர்வு தோன்றும். குழந்தையின் வளர்ச்சி தடைப்படும். நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரை இக்குறையை ஈடுசெய்யும்.

அரிதாகச் சிலருடைய குடலுக்குக் கோதுமை ஒவ்வாது. வயிற்றுப்போக்கும் இரத்தசோகையும் காணும். இது சீலியாக் நோய். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை விலக்கினால் நோய் புலப்படாது போகலாம். நோய் உறுதியானபின், தருமபுரி மாவட்டத்தில் விளையும் கேழ்வரகும் சாமையும் தக்க உணவாகும். ஆயின் கோதுமை அரைக்கும் இயந்திரத்தில் அவற்றை அரைத்தலாகாது.

சர்க்கரை காரணமின்றி அடிக்கடி தாழ்ந்து, மேனி கறுத்து, எடை குறைந்தால் அட்ரினல் சுரப்பி பழுதுற்றிருக்கலாம். தாமதியாது மருத்துவரை நாடுக.

ஆதலின், நீரிழிவு கண்ட தொடக்கத்திலும், பின்னர் ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் தைராய்டு இரத்தப் பரிசோதனை செய்வித்தல் வேண்டும். இதனைப் பெற்றோர்க்கு எடுத்துரைத்து, குழந்தையை அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தல் பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமையாகும்.