டோராவின் தமிழ்க் குரல் யாருடையது? கார்ட்டூன் டப்பிங்கில் இறங்கும் முன் தெரிய வேண்டியவை

மூணாறு எஸ்டேட் லயத்திலோ, பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலோ 2010-களில் வளர்ந்தவரா நீங்கள்? அப்படியென்றால் உங்கள் வீட்டு ரிமோட்டில் இரண்டு டோராக்கள் இருந்திருப்பார்கள். 2007-இல் தொடங்கிய சுட்டி டிவியில் தமிழ் பேசுபவள் ஒருத்தி, 2011-இல் வந்த கொச்சு டிவியில் மலையாளம் பேசுபவள் இன்னொருத்தி. இரண்டு சேனலும் சன் குழுமத்துடையவை.

ஜாக்கி சான் கார்ட்டூனில் ஜாக்கியை விடாமல் திட்டும் அந்தக் கிழவரின் தமிழ்க் குரல் நினைவிருக்கிறதா? நன்றாகவே இருக்கும். பேசியவர் பெயர்? யோசிப்போம். வசனம் எழுதியவர் பெயர்? சுத்தமாகத் தெரியாது.

இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் இதை வெறும் மனக்குறையாகப் பார்க்க வேண்டாம். பணமும் சட்டமும் அந்தப் பெயரில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

அப்படி என்னதான் வேலை?

புதிதாக உருவாகும் அனிமேஷனில் பெரும்பாலும் குரல்தான் முதலில் பதிவாகும். அதைக் கேட்டுத்தான் வாயசைவு வரைவார்கள். டப்பிங்கில் எல்லாம் தலைகீழ். படம் முடிந்திருக்கும், வாய் அசைந்திருக்கும், நீங்கள் அதற்குள் போய் உட்கார வேண்டும். வசனம் நீக்கி, இசையும் பின்னணிச் சத்தமும் மட்டும் உள்ள டிராக்கின் மேல் தனியாக நின்று பேசுவீர்கள். எதிரில் பேச ஆள் இருக்காது. ஓடுவது, விழுவது, மூச்சிரைப்பது, தும்முவது எல்லாமே உங்கள் தொண்டையிலிருந்துதான் வர வேண்டும்.

ஒருவரே பலராகப் பேசுவதும் சாதாரணம். 2012-இல் நிக்கலோடியனில் தொடங்கிய 'மோட்டு பட்லு'வில், இந்தியில் மோட்டு, பட்லு இருவருக்கும் குரல் சௌரவ் சக்ரவர்த்திதான். சின்னப் பையன்களுக்குப் பெண்கள் பேசுவது இன்னொரு வழக்கம். இந்தி சோட்டா பீமின் குரல் சோனல் கௌஷலுடையது. பையனையே பேச வைத்தால் மூன்றே வருடத்தில் குரல் உடைந்துவிடுமே!

சரி, எழுத்தாளர் எங்கே வர்றார்?

என்னைக் கேட்டால் கஷ்டமான பாதி இதுதான். ஆங்கில டோரா குழந்தைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பவள். தமிழ் டோரா ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். 'பூட்ஸ்' என்ற குரங்கு 'புஜ்ஜி' ஆனது. நேராக மொழிபெயர்த்தால் இது நடக்காது, யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

நம் மொழியின் அமைப்பும் சேர்ந்து படுத்தும். ஆங்கிலத்தில் மறுப்பு முதலிலேயே வந்துவிடும், பாத்திரம் அப்போதே தலையாட்டிவிடும். தமிழில் 'போகமாட்டேன்' என்று முடிக்கும்போதுதான் மறுப்பே தெரியும். அதற்குள் ஷாட் மாறியிருக்கும். ப, ம வரும் இடத்தில் உதடு ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

'மோட்டு பட்லு'விலேயே ஒரு நல்ல பரீட்சை இருக்கிறது. அதில் வரும் இன்ஸ்பெக்டர் சிங்கம், தமிழ் வாடை அடிக்கும் இந்தி பேசுபவர். அந்த உச்சரிப்பே நகைச்சுவை. அந்தக் காட்சியைத் தமிழாக்கச் சொன்னால் அவரை எந்த ஊர்த் தமிழ் பேச வைப்பீர்கள்? நெல்லையா, கோவையா, இல்லை ஆங்கிலம் கலந்த போலீஸ் தமிழா? எதைத் தேர்ந்தாலும் ஒரு ஊர்க்காரருக்குக் கோபம் வரலாம்.

எல்லையில் இருப்பது லாபமா?

1956 மாநில மறுசீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அங்கும், உடும்பஞ்சோலையிலும், பாலக்காட்டின் சித்தூர் பக்கமும் வீட்டில் தமிழ், கடையிலும் அலுவலகத்திலும் மலையாளம் என்று வளர்ந்தவர்கள் நிறைய. இரண்டு மொழிகளிலும் சிரிக்க வைக்கத் தெரிவது பெரிய சொத்து. எழுத்து வேலைக்கு இது நேரடியாக உதவும்.

குரல் வேலையில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்ச் சொல் சரியாக இருக்கும், வாக்கியத்தின் ராகம் மலையாளத்துக்கு நழுவும். குழந்தைகள் சேனல்கள் பொதுவாகக் கேட்பது எந்த ஊரும் தெரியாத ஒரு தமிழ். போனில் பதிவு செய்து, ஊர் தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். நம் காதுக்கு நம் ராகம் கேட்காது. அதை அழிக்கத் தேவையில்லை, வேண்டும்போது அணைக்கத் தெரிந்தால் போதும்.

ஸ்டுடியோக்களும் சங்கமும் முக்கியமாகச் சென்னையில். சினிமா டப்பிங்கில் சங்க அட்டைக்கு உள்ள எடை 2018-இல் எல்லோருக்கும் தெரிந்தது. டப்பிங் சங்கத்திலிருந்து சின்மயி நீக்கப்பட்டபோது, சந்தா பாக்கி என்றது சங்கம். மீ டூ புகார் சொன்னதற்கான பழிவாங்கல் என்றார் அவர்.

பெயர் போடாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?

1993-இல் வந்த 'மணிச்சித்ரதாழ்' படத்தில் தமிழ் பேசும் நாகவல்லியின் குரல் பாக்யலட்சுமியுடையது என்றுதான் கேரளம் பல காலம் நம்பியது. அது தமிழ் டப்பிங் கலைஞர் துர்காவின் குரல் என்று இயக்குநர் ஃபாசில் வெளிப்படையாகச் சொன்னது 2016-இல்.

சட்டத்திலும் இதற்கு விலை உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, குரல் கொடுப்பவரும் நடிப்புக் கலைஞர் என்ற முறையில் உரிமை கோரலாம். படத்தில் சேர்க்க எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அந்த உரிமையைத் தயாரிப்பாளர் அனுபவிப்பார். ஆனாலும் வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி உண்டு என்கிறது சட்டம். கூடவே ஒரு விதிவிலக்கு: படத்தில் பங்கு சிறியதாக, தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில் பெயரும் வராதவர் பெரும்பாலான விஷயங்களில் 'கலைஞர்' கணக்கிலேயே வரமாட்டார். 'அந்த மூன்றாவது குரங்கு நான்தான்' என்பவருக்கு டைட்டில் ஏன் முக்கியம் என்று இப்போது புரியும்.

எழுத்தாளருக்கு: உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். மாதச் சம்பள வேலையென்றால் கதை வேறு. வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமை முதலாளிக்கே.

ஏஐ வந்த பிறகு?

'லால் சலாம்' படப் பாடலில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐ மூலம் 2024-இல் பயன்படுத்திய ஏ.ஆர்.ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிப் பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே ஆண்டு ஜூலையில், அரிஜித் சிங்கின் குரலை ஏஐ கருவிகள் நகலெடுப்பதற்கு மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

இவர்கள் எல்லோரும் பெயர் தெரிந்தவர்கள். அரிஜித் குரலைக் கேட்டால் அரிஜித் என்று நீதிமன்றத்துக்குத் தெரியும். உங்கள் குரலைக் கேட்டால் குழந்தைக்கு ஒரு பூனை ஞாபகம் வரும், நீங்கள் வரமாட்டீர்கள். ஆகவே ஒப்பந்தத்தில் 'எல்லா ஊடகங்களிலும், எக்காலத்துக்கும், இனி வரப்போகும் தொழில்நுட்பங்களிலும்' என்று இருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். ஒப்பந்தம் போடும்போது புழக்கத்தில் இல்லாத பயன்பாட்டு முறை, அதைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, தானாக அதில் சேராது. ஏஐ குரல் நகல் இப்போது புழக்கத்துக்கு வந்துவிட்டதால் அந்தப் பாதுகாப்பை நம்பி இருக்க முடியாது. இந்தப் பதிவைக் கொண்டு குரல் நகல் உருவாக்கக் கூடாது, ஏஐ பயிற்சிக்குத் தரக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். புதுமுகத்துக்கு அதைச் சேர்க்க மறுக்கலாம். கேட்டதாவது மெயிலில் இருக்கட்டும்.

ஒவ்வொரு பதிவு முடிந்ததும் எபிசோடு எண், பாத்திரம், தேதி, நேரம் நான்கையும் எழுதி ஸ்டுடியோவுக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டுவிடுங்கள். பெயர் வராத எபிசோடில் பேசியது நீங்கள்தான் என்பதற்கு, பல சமயம் அதைவிட்டால் வேறு சாட்சி இருக்காது.