காணிக்காரர்களின் பச்சிலை யாருக்குச் சொந்தம்?

அகத்தியமலைக் காட்டில், ஓடைக்கரை நிழலில் ஒரு செடி வளர்கிறது. உயரம் ஒரு சாணுக்கு முன்னே பின்னே இருக்கும். மண்ணுக்குள் கிழங்கு போன்ற தண்டு. அதிலிருந்து எழும் மெல்லிய காம்பின் உச்சியில் ஒற்றை இலை. அந்த இலைக்கு அடியில் கருஞ்சிவப்பாகச் சிறு பூ, பிறகு மூன்று விளிம்புள்ள காய். பழக்கமில்லாதவர் அதை மிதித்துக்கொண்டு போய்விடுவார். அந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்களோ அந்தக் காயைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டு மலை ஏறுவார்கள். அவர்களுக்குக் களைப்பு தெரியாது.

1987 டிசம்பரில் தாவரவியலாளர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு இந்த மலைக்குப் போனது. பழங்குடி மக்களின் தாவர அறிவைத் தொகுக்கும் அகில இந்தியத் திட்டத்தின் ஒரு பகுதி அது. ஏற்றத்தில் விஞ்ஞானிகள் சோர்ந்து உட்கார, வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் எதையோ மென்றுகொண்டு தெம்பாக நடந்தார்கள். கேட்டதும் காயைத் தின்னக் கொடுத்தார்கள். எந்தச் செடி என்பதை மட்டும் சொல்லவில்லை. அது குலத்துக்குள் காக்கப்படும் செய்தி, வெளியாருக்குச் சொல்லக்கூடாது என்றார்கள். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி கொடுத்த பிறகே செடியைக் காட்டினார்கள்.

இன்று அது 'ஆரோக்கியப் பச்சை' என்ற பெயரில் உலகம் முழுக்கத் தெரியும். மருத்துவத் தாவரங்களையும் அவற்றைப் பற்றிய மக்கள் அறிவையும் காப்பது எப்படி என்று யார் பேசினாலும் இந்தச் செடியின் கதை வந்துவிடும். பாதி நல்ல செய்தி, பாதி எச்சரிக்கை என்று இரண்டும் அதில் இருக்கின்றன.

பத்து லட்சமும் இரண்டு சதவீதமும்

செடியில் களைப்பைப் போக்கும் பொருள்கள் இருப்பதை ஆய்வுக்கூடம் உறுதி செய்தது. திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், ஆரோக்கியப் பச்சையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோவையின் ஆர்ய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டு உரிமம் கொடுத்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய்; விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு என்று நிறுவனம் தானாகவே முடிவெடுத்தது.

அப்போது இந்தியாவில் அப்படிக் கொடுக்கச் சொல்லும் சட்டம் இல்லை. பல்லுயிர்ச் சட்டம் வந்ததே 2002-இல்தான். அந்த வகையில் இது உலகத்துக்கே முன்மாதிரி. காணி மக்களுக்கான அறக்கட்டளை 1997 நவம்பரில் பதிவாயிற்று. 1999-இல் ஐந்து லட்சம் ரூபாய்க்குச் சற்று அதிகமான தொகை அதன் கணக்கில் சேர்ந்தது.

சிக்கலும் கூடவே வந்தது. காணி மக்கள் ஒரே ஊரில் வாழ்பவர்கள் அல்ல. கேரளத்தின் பல பஞ்சாயத்துகளிலும், மலைக்கு இந்தப் பக்கம் நெல்லை, குமரி மாவட்டங்களிலும் அவர்கள் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. பேச்சுவார்த்தை நடந்ததோ பெரும்பாலும் ஒரு பகுதியினரோடு மட்டும். மற்றவர்களுக்குச் சேதி காதில் விழுந்தபோது ஒப்பந்தம் முடிந்திருந்தது. குலத்தின் மருத்துவர்களான பிளாத்திகளில் ஒரு பகுதியினர், எங்கள் அறிவைத் தனியார் கம்பெனிக்கு விற்கக்கூடாது என்று வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். செடியைக் காட்டியது இளைஞர்கள். அதன் மருத்துவத்தைத் தலைமுறையாகக் காத்தவர்கள் பிளாத்திகள். யாரிடம் ஒப்புதல் கேட்பது என்ற கேள்விக்கு அன்றைக்கு யாரிடமும் விடை இல்லை.

அடுத்த முட்டுக்கட்டை வனத்துறையிலிருந்து வந்தது. மருந்துக்கு வேண்டியது இலை. கிழங்கைத் தொடாமல் இலையை மட்டும் கிள்ளினால் செடி மறுபடி தழைக்கும். காட்டின் ஈரமும் நிழலும் இல்லாத இடத்தில் வளர்த்தால் மருந்துக் குணம் குறைகிறது என்றும் தெரியவந்தது. ஆகவே காணி குடும்பங்கள் தங்கள் குடியிருப்பை ஒட்டியே பயிரிடத் தொடங்கின. இலைக்குக் காசு என்று தெரிந்ததும் வெளியாட்கள் செடியை வேரோடு பிடுங்கிப் போனார்கள். அரிய செடி அழிந்துவிடும் என்று அஞ்சிய வனத்துறை இலை பறிக்கவே தடை போட்டது. பிடுங்கியவர்களைத் தடுக்க எழுந்த தடை வளர்த்தவர்களையும் சேர்த்தே தடுத்தது. இலை வரத்து நின்றது, மருந்து உற்பத்தி தள்ளாடியது, ராயல்டியும் சுருங்கிப்போனது.

வேரோடு போகும் செல்வம்

இது ஒரு செடியோடு முடியும் கதை அல்ல. தேசிய மருத்துவத் தாவர வாரியத்துக்காகப் பெங்களூரு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் 960 வகை மருத்துவத் தாவரங்கள் வணிகத்தில் புழங்கின. அவற்றில் 178 வகைகள் ஆண்டுக்கு 100 டன்னுக்கு மேல் விற்பனையாகின. பெரும்பகுதி காடு, மேடு, தரிசு நிலங்களில் பறித்ததுதான். வேர், பட்டை, கட்டை, முழுச்செடி என்று கேட்கும் சரக்கு எதுவானாலும் செடியின் உயிரைக் கேட்பதாகவே அர்த்தம்.

மாகாளிக்கிழங்கைப் பாருங்கள். மோரில் ஊறிய மாகாளி ஊறுகாயின் மணம் பல வீடுகளில் இன்னமும் கமகமக்கிறது. பாறை இடுக்கில் இறங்கிய அந்த வேர்க்கொத்தைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்தால் கொடி அதோடு போச்சு. கொத்தில் பாதியை விட்டு, மண்ணைத் தள்ளி மூடினால் பிழைத்துக்கொள்ளும். வருஷா வருஷம் அதே இடத்துக்கு வருகிறவன் மூடிவிட்டுப் போவான். மறுமுறை வர அனுமதி கிடைக்குமோ கிடைக்காதோ என்று இருப்பவனும், மண்டிக்காரர் கிலோவுக்கு வைக்கும் விலையை மட்டும் நம்பி வருகிறவனும் முழுதாகப் பெயர்த்துக்கொண்டுதான் போவார்கள். மாகாளி இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

நிலவேம்பும் இப்படித்தான். டெங்கு பரவிய காலங்களில் தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராகக் கொடுத்தது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு என ஒன்பது சரக்குகள் சேர்ந்த கூட்டு அது. தேவை திடீரென்று ஏறும்போது தரிசிலும் காட்டோரத்திலும் உள்ள செடிதான் முதலில் காலியாகிறது. அடுத்த ஆண்டுக்கு விதை உதிர்க்க நாலு செடியை நிற்க விட்டுவிட்டுப் பறிக்கத் தெரிந்தவர்கள் கிராமத்துப் பெண்கள்தான். அந்தப் பக்குவம் எந்தக் கொள்முதல் ஆணையிலும் எழுதப்படுவதில்லை.

பறிப்பவர் கையில் கணக்கு

பறிப்பவர்களையே பொறுப்பாளர்களாக்கிய முயற்சிகளும் நம் ஊரில் உண்டு. செங்கல்பட்டு அருகே தண்டரையில் 1986-இல் தொடங்கிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம், நாற்றங்கால், மூலிகைத் தோட்டம், மருந்து தயாரிப்பு என்று இருளப் பெண்களின் அறிவை அவர்கள் கையிலேயே தொழிலாக்கியது. மதுரை வட்டாரத்தில் உருவான 'கிராம மூலிகை' நிறுவனத்தில் மூலிகை பறிக்கும் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து பங்குதாரர்கள் ஆனார்கள். எடையும் விலையும் கண்முன் தெரிந்ததால் இடைத்தரகரின் கை தளர்ந்தது. எதை எப்போது, எவ்வளவு பறிப்பது என்ற கட்டுப்பாடும் அவர்களுக்குள்ளேயே வந்தது.

தென்னிந்தியக் காடுகளில் 1993 முதல் ஒதுக்கப்பட்ட மருத்துவத் தாவரப் பாதுகாப்புப் பகுதிகள் இன்னொரு வழி. செடியை அது பிறந்த மண்ணிலேயே விட்டுக் காக்கும் ஏற்பாடு இது. ஆரோக்கியப் பச்சை போல இடம் பெயர்ந்தால் குணம் மாறும் செடிகளுக்கு இதை விட்டால் வேறு கதி இல்லை.

அறிவைக் காப்பதோ இன்னும் கடினம். மஞ்சளுக்குக் காயம் ஆற்றும் குணம் உண்டு என்று அமெரிக்காவில் 1995-இல் கொடுத்த காப்புரிமையை 1997-இல் ரத்து செய்ய முடிந்தது; பழைய நூல்கள் சாட்சி சொன்னதால்தான். வாய்வழி அறிவுக்கு அந்தச் சாட்சி இல்லை. பொன்முடி அருகே கல்லாற்றில் வாழ்ந்து, 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற காணி மருத்துவர் லட்சுமிக்குட்டியம்மா நூற்றுக்கணக்கான மருந்துகளை நினைவிலிருந்தே செய்தவர். 2023-இல் திருத்திய பல்லுயிர்ச் சட்டம், நூல்களில் பதிவான மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பலன் பகிர்வில் விலக்கு அளித்திருக்கிறது. நூலில் ஏறாத அறிவுக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே காணிகள், இருளர்கள் போன்றோரின் உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறத்தான் ஆள் வேண்டும்.

கேட்பதற்கு வழிகளும் இருக்கின்றன. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இதைக் கண்காணிக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையம் இருப்பது சென்னைத் தரமணியில். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், சிறு வன மகசூலின் உரிமையையும் பல்லுயிர் சார்ந்த மரபறிவின் அறிவுசார் உரிமையையும் சேர்த்தே கொடுக்கிறது. ஆரோக்கியப் பச்சை ஒப்பந்தம் போட்ட நாளில் காணிகளிடம் இந்த இரண்டு ஆயுதமும் இல்லை.

முண்டந்துறைக் காட்டுக்குள் இருக்கும் காரையாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி போன்ற காணி குடியிருப்புகளில் இந்தப் பதிவேட்டை எழுதுவதாக இருந்தால், வெளியூர் ஆள் ஒருவர் வந்து செடிப் பெயர்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு போவது போதாது. கிராம சபையில் பெரியவர்களும் பெண்களும் உட்கார்ந்து எதை எழுதலாம், எதைக் குலத்துக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பறிக்கும் முறையையும் விலையையும் அவர்களே தீர்மானிக்க வேண்டும். வனத்துறை அதற்குக் காவலாக நிற்க வேண்டும். அடுத்த மருந்துக் கம்பெனி மலையேறி வருவதற்குள் இது நடந்தாக வேண்டும்.