பழைய வயர்லெஸ் செட் வாங்கலாமா?

காரவள்ளியில் மளிகை மூட்டையோடு மலையேறும் வண்டி, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் கொல்லிமலைக்கு வரவேண்டும். நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் குண்டனி நாட்டில் கடை திறந்து காத்திருப்பவருக்குத் தகவல் சொல்ல வழியில்லை. கைபேசி வந்த பிறகும், மலை மடிப்புகளில் சிக்னல் அறுந்துபோவது நமக்குத் தெரிந்ததே. "பழைய வாக்கி-டாக்கி ஒரு ஜோடி வாங்கிப் போட்டால் என்ன?" என்று கேட்கும் வணிக நண்பர்கள், பணம் கொடுக்குமுன் சில விவரங்களை அறிந்துகொள்வது நல்லது.

பழைய செட்டுகளில் கையில் பிடிப்பது, வண்டியில் பொருத்துவது என இரு வகை உண்டு. 1990களில் பெயர் பெற்றவை மோட்டரோலா நிறுவனத்தின் ஜி.பி.300 கைக்கருவியும் ஜி.எம்.300 வண்டிக்கருவியும். கைக்கருவி சுமார் 5 வாட்; வண்டிக்கருவி 25 வாட்டும் அதற்கு மேலும். ஐந்து மடங்கு வாட் என்பதால் ஐந்து மடங்கு தூரம் கேட்கும் என்று கணக்குப் போடவேண்டாம். இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. குறுக்கே மலை முகடு நின்றால் வாட் மட்டும் கை கொடுக்காது.

வண்டிக்கருவியின் உண்மையான பலம் கூரைமேல் நிற்கும் ஆண்டெனாதான். அதே கூரைக்குக் கீழே, இரும்புக் கேபினுக்குள் இருந்து கைக்கருவியில் பேசினால் குரல் தேய்ந்துபோகும். கடையிலும் உயரமான கம்பத்தில் ஆண்டெனா நிறுத்துவதே பலன் தரும். 150 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்து அலை, மரங்களையும் மேடுகளையும் 450 மெகாஹெர்ட்ஸ் அலையைவிட ஓரளவு நன்றாகக் கடக்கும். ஆனால் அதன் ஆண்டெனா அரை மீட்டர் நீளம் வேண்டும். 450க்கு ஒரு சாண் போதும்.

உழைப்பைப் பொறுத்தவரை, கைக்கருவியில் முதலில் கெடுவது நிக்கல்-காட்மியம் பேட்டரி. சார்ஜ் நிறைந்ததுபோல் காட்டி, பேச்சுப் பொத்தானை அழுத்தியதும் படுத்துவிடும். வண்டிக்கருவி 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவதால், கடையில் கரண்ட் போனாலும் பேசலாம். அதில் மைக் வயரையும் ஆண்டெனா இணைப்பையும் பாருங்கள். மலை ஈரத்தில் இணைப்பு துருப்பிடித்தால் கேட்பது குறையும். அப்படியே பேசிக்கொண்டிருந்தால் செட்டே பழுதாகலாம். அலைவரிசையை மாற்ற அக்காலத்து டாஸ் மென்பொருள் தேவை. அதைச் செய்துதரும் மெக்கானிக் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வகைச் செட்டுகளுக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவில் உரிமம் பெறவேண்டும். உரிமமின்றிப் பேசுவது குற்றம், செட்டும் பறிபோகும். 446 மெகாஹெர்ட்ஸில் இயங்கும், அரசு ஒப்புதல் பெற்ற சிறு சக்திக் கருவிகளுக்கு 2018 முதல் உரிமம் தேவையில்லை. ஆனால் அவை சரக்கு இறக்கும் இடத்துக்கும் கடைக்கும் இடையே பேசத்தான் உதவும். மலைப்பாதை முழுவதற்கும் எட்டாது.

ஆகவே, உரிமம் பெற்ற விற்பனையாளரிடமே பேசுங்கள். ஒரு செட்டைக் கடையிலும் மற்றொன்றை வண்டியிலும் வைத்து மலைப்பாதையில் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். எத்தனையாவது வளைவில் குரல் அறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு பணத்தை எண்ணுங்கள்.