ஓடையைக் கரையேற விடுங்கள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிழக்குப் பக்கம் பெரும்பாலும் மழை குறைந்த மேய்ச்சல் பூமி. அங்கே ஜான் டே ஆற்றில் போய்ச் சேரும் பிரிட்ஜ் கிரீக் என்ற ஓடை ஆலைக்கழிவால் நாறிப்போன ஓடையல்ல. மீனை மறிக்கும் பெரிய அணையும் அதன் குறுக்கே கிடையாது. ஆனாலும் அங்கே பிறந்து கடலுக்குப் போய்த் திரும்பும் ஸ்டீல்ஹெட் மீன்கள் குறைந்துகொண்டே வந்தன. அவை சேர்ந்த மத்திய கொலம்பியப் பகுதிக் கூட்டத்தை 1999இல் அமெரிக்க அரசு அழிவு அச்சுறுத்தல் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. கோளாறு தண்ணீரில் தெரியாது, கரையைப் பார்த்தால் தெரியும். பல இடங்களில் ஆளை மறைக்கும் உயரத்துக்கு அறுந்து நிற்கும் மண்சுவர், அதன் அடியில் ஒடுங்கி ஓடும் நீர், மேலே வெள்ளம் எட்டாமல் காய்ந்துகிடக்கும் சமவெளி. மீனின் வீடு என்று நாம் ஓடும் நீரை மட்டும் கணக்கில் எடுக்கிறோம். வெள்ளக் காலத்தில் அந்த நீர் ஏறிப் பரவும் நிலமும் சேர்ந்ததுதான் அந்த வீடு. அந்த நிலத்தை ஓடைக்குத் திருப்பித் தராமல் செய்யும் எந்த மீட்பும் பாதி வேலைதான்.

ஓடை இப்படிப் பள்ளத்தில் இறங்கியதற்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. 1820களில் தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனி, அமெரிக்க வணிகர்கள் உள்ளே வராமல் தடுக்கவே, கொலம்பியா ஆற்றுக்குத் தென்கிழக்கே பீவர்களை மிச்சம் வைக்காமல் வேட்டையாடும்படி தன் ஆட்களை அனுப்பியது. தோலுக்காக வேட்டையாடியது போக, போட்டியாளனுக்கு எதுவும் கிடைக்கக் கூடாது என்பதற்காகவும் ஒரு விலங்கைத் துடைத்தெடுத்தார்கள். மரத்தைக் கடித்துச் சாய்த்து ஓடையில் அணை கட்டும் பிராணி அது. அது போன பிறகு அணைகளைப் பழுதுபார்க்க யாருமில்லை. பின்னால் வந்த மாடுகளின் மேய்ச்சல் கரையோர வில்லோ மரங்களை மொட்டையடித்தது. தடையில்லாத வெள்ளம் ஒரே வாய்க்காலில் பாயும்போது ஆழம் கூடும், ஆழம் கூடினால் அடிமண்ணை அரிக்கும் விசை கூடும், அரிக்க அரிக்க அடுத்த வெள்ளம் கரையேறுவது இன்னும் அரிதாகும். ஓடை இறங்கினால் அக்கம்பக்கத்து நிலத்தடி நீரும் கூடவே இறங்கும், வில்லோவின் வேருக்கு ஈரம் கிடைக்காது. பிற்காலத்தில் திரும்பி வந்த சில பீவர்கள் கட்டிய அணைகளும் நிற்கவில்லை. ஒடுங்கிய பள்ளத்தில் வெள்ளத்தின் முழு பலமும் அணைமீதே விழுவதால், அடுத்த வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விடும். தானாகச் சரியாகட்டும் என்று விட்டால் இது மிக மெதுவாகத்தான் சரியாகும்.

மீனுக்கு இதில் என்ன நட்டம்? ஸ்டீல்ஹெட் குஞ்சு பொரிந்தவுடன் கடலுக்குக் கிளம்பிவிடுவதில்லை. ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டுவரை நன்னீரிலேயே வளரும். கோடையில் குளிர்ந்த ஆழமும், வெள்ளத்தில் ஒதுங்க மெதுவான நீரும் அதற்கு வேண்டும். நேரான பள்ள ஓடையில் இரண்டுமே அரிது. இரை விஷயத்திலும் சமவெளிக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது. கலிபோர்னியாவில் கொசும்னஸ் ஆற்றில் கரையை உடைத்துவிட்டு வெள்ளத்தைப் பழைய சமவெளிக்குள் வரவிட்ட இடத்தில் ஒரு சோதனை நடந்தது. சினூக் சால்மன் குஞ்சுகளைக் கூண்டுகளில் அடைத்துச் சில கூண்டுகளை ஆற்றிலும் சிலவற்றை வெள்ளம் பரவிய புல்வெளியிலும் வைத்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி புல்வெளிக் குஞ்சுகளே வேகமாக வளர்ந்தன. ஆழமில்லாத நீர் வெயிலில் சூடேறும், பாசி பெருகும், பாசியைத் தின்னும் சின்னஞ்சிறு நீர்ப்பிராணிகள் பெருகும், குஞ்சுகளுக்கு வாய் நிறைய இரை. பாய்ந்தோடும் கலங்கல் நீரில் அத்தனை இரை தங்குவதில்லை.

ஓடையை மறுபடி கரையேற்ற பிரிட்ஜ் கிரீக்கில் 2009 முதல் 2012 வரை செய்த வேலை பார்வைக்கு எளியது. மரக் கம்பங்களை ஓடையின் குறுக்கே வரிசையாக அடித்து இறக்கி, இடையில் வில்லோ கிளைகளைப் பின்னி, பீவர் அணையைப் போன்ற தடுப்புகளை 121 இடங்களில் கட்டினார்கள். கான்கிரீட் இல்லை, காலத்துக்கும் நிற்க வேண்டும் என்ற நோக்கமும் இல்லை. தடுப்புக்குப் பின்னால் நீர் தேங்கும், வண்டல் படிந்து அடித்தளம் மெல்ல உயரும், வெள்ளம் பக்கவாட்டில் ஏறும். பீவர்கள் பல தடுப்புகளைத் தங்களுடையதாக்கிக்கொண்டு மேலும் கட்டின. இந்த மாதிரி வேலைகளைப் போட்டோ எடுத்துப் போட்டுவிட்டு வெற்றி என்று அறிவிப்பதே வழக்கம். இங்கே அப்படி விடவில்லை. மீன்களின் உடலுக்குள் அரிசிமணி அளவு மின்னணுக் குறிகளைச் செலுத்தி, அதே வட்டாரத்தில் தடுப்பு கட்டாமல் விட்ட மர்டரர்ஸ் கிரீக்கோடு ஒப்பிட்டார்கள். (கொலைகாரர்கள் பெயரைத் தாங்கிய ஓடைதான் இங்கே நடுநிலைச் சாட்சி.) 2016இல் வந்த ஆய்வறிக்கைப்படி, பிரிட்ஜ் கிரீக்கில் குஞ்சுகள் பிழைக்கும் விகிதம் 52 சதவீதமும், ஓடை விளைவிக்கும் மீன் எடை 175 சதவீதமும் கூடியிருந்தன.

குறுக்கே அணை கட்டினால் மீன் எப்படி ஏறும் என்று கேட்பது நியாயம். ஆனால் இந்தக் கேள்வி ஏற்கனவே ஒருமுறை பெரிய சேதம் செய்திருக்கிறது. 1950களிலிருந்து சில பத்தாண்டுகள் ஓரிகனிலும் வாஷிங்டனிலும் அதிகாரிகளே ஓடைகளில் கிடந்த மரக்குவியல்களை மீனுக்குத் தடை என்று அள்ளியெறிந்தார்கள். மரம் போன இடத்தில் ஆழமும் போயிற்று, ஒதுங்கிடமும் போயிற்று. பிரிட்ஜ் கிரீக்கில் குறியிட்ட மீன்கள் தடுப்புகளைத் தாண்டி மேலும் கீழும் போய்வந்தது பதிவாகியிருக்கிறது. கசியும் குச்சித் தடுப்பும் வழியும் நீரும் பக்கத்துக் கிளை வாய்க்கால்களும் உள்ள இடத்தை உயரமான கான்கிரீட் அணையோடு சேர்த்துப் பேசக் கூடாது. தேங்கும் நீர் கோடையில் கொதிக்காதா என்ற சந்தேகத்தையும் அளந்தே தீர்த்தார்கள். தேங்கிய நீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கிக் கீழே குளிர்ந்து ஊறி வருவதால் பகல் உச்ச வெப்பம் தணிந்தது. வெள்ளம் வடியும்போது குஞ்சுகள் சமவெளியில் சிக்கிச் சாகும் என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. சில சிக்கத்தான் செய்யும். ஆனால் வடிகால் ஒழுங்காக உள்ள இடங்களில், வளர்ச்சியால் கிடைக்கும் ஆதாயத்துக்கு முன் அது சிறிய இழப்புதான்.

நிலம் யாருடையது என்பதுதான் கடினமான ஆட்சேபம். வீடும் சாலையும் வந்துவிட்ட சமவெளியில் ஓடையை ஏறவிடச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் வயல் அப்படியல்ல. கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ ஆற்றின் வெள்ளத்தைச் சாக்ரமெண்டோ நகரத்துக்குப் பக்கவாட்டில் திருப்பிவிட ஒதுக்கிய யோலோ வெள்ள வழியில் கோடையில் நெல் விளைகிறது, மழைக்காலத்தில் ஆறு புகுந்து பரவுகிறது. அங்கே வளர்ந்த சால்மன் குஞ்சுகள் ஆற்றில் வளர்ந்தவற்றைவிடப் பெரிதாக இருந்ததை 2001லேயே ஆய்வு காட்டிவிட்டது. அழியும் நிலையில் உள்ள குளிர்கால சினூக்கின் குஞ்சுகளும் உள்ளே வரட்டும் என்று, ஆறு கரைபுரளக் காத்திராமல் தாழ்ந்த மட்டத்திலேயே நீரை விடும் மதகுத் திட்டம் அங்கே வந்திருக்கிறது. உழவரின் கவலை நீர் எந்தத் தேதியில் வடியும் என்பது. விதைப்புக்கு முன் வடியும் என்று உறுதி தராமல் இந்த ஏற்பாட்டை யார்மீதும் திணிக்க முடியாது.

ஓடையில் குஞ்சு பெருகினால் மட்டும் மீன் மீண்டுவிடுமா? பிரிட்ஜ் கிரீக்கிலிருந்து கிளம்பும் ஸ்டீல்ஹெட் கொலம்பியாவில் மூன்று பெரிய அணைகளைத் தாண்டித்தான் கடலைப் பார்க்கும். கடலில் இரை குறைந்த ஆண்டுகளும் உண்டு. அதே ஓரிகனில் வைச்சஸ் கிரீக் நல்ல எச்சரிக்கை. 1964 வெள்ளத்துக்குப் பிறகு நேராக்கப்பட்ட அந்த ஓடையை, 2012இல் கேம்ப் போல்க் புல்வெளியில் மறுபடி வளைந்தோட விட்டார்கள். நீர்மட்டம் உயர்ந்தது, கரையோரச் செடிகள் வந்தன. ஆனால் கீழே டெஷூட்ஸ் ஆற்றின் அணைகளைக் கடந்து திரும்பி வரும் ஸ்டீல்ஹெட் இன்றும் சொற்பம். அதனால் ஓடை வேலையை நிறுத்திவிட்டு அணைகளைப் பார்ப்போம் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. நல்ல நாற்றங்கால் இல்லாத மீன், அணையே இல்லாத ஆற்றிலும் பெருகாது. அணையைக் காரணம் காட்டி ஓடையை விட்டுவிடுவதும், ஓடையில் கிடைத்த 175 சதவீதத்தைக் காட்டி அணைகளைப் பற்றிப் பேசாமலிருப்பதும் எனக்கு ஒரே தட்டிக்கழிப்பாகத்தான் படுகின்றன. பணம் குறைவு என்றால், ஜான் டே போலத் தன் ஓட்டத்தில் பெரிய அணை இல்லாத ஆறுகளின் ஓடைகளிலிருந்து ஆரம்பிக்கலாம். கொட்டிய உழைப்புக்கு மீன் திரும்பி வரும் வாய்ப்பு அங்கேதான் அதிகம்.