கொதித்தாலும் போகாத நஞ்சு

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்கும்படி நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக டாக்டர்களும் சுகாதார ஊழியர்களும் சொல்லி வந்திருக்கிறார்கள்; காலரா, டைபாய்டு முதலிய வியாதிகளைப் பரப்பும் கிருமிகள் கொதிநீரில் பிழைப்பதில்லை என்பதால், அந்த உபதேசம் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது, இன்றும் காத்து வருகிறது. ஆயினும் 2014-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி விடிவதற்குமுன் அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்திலுள்ள டொலிடோ நகரத்து ஜனங்களுக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கை இதற்கு நேர்மாறாக இருந்தது. குழாய் நீரைக் குடிக்க வேண்டாம். கொதிக்க வைக்கவும் வேண்டாம். கொதிக்க வைத்தால் அபாயம் கூடுமேயன்றிக் குறையாது என்றார்கள். நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள், உலகத்தின் மாபெரும் நன்னீர் ஏரிகளுள் ஒன்றாகிய ஈரி ஏரியின் கரையில் இருந்துகொண்டே, மூன்றாம் நாள் தடை நீங்கும் வரையில் குடிக்க ஒரு குவளை நீருக்காக வரிசையில் நின்றார்கள்.

இந்த நிகழ்ச்சியை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. அடுப்பங்கரையில் நாம் செய்யும் ஜாக்கிரதை எதுவும் பலிக்காத ஒரு தீங்கு, ஊருக்கு வெகுதூரத்தில், வயலிலும் வாய்க்காலிலும் வெயிலிலும் உருவாகிக் குழாய் வழியே வீட்டுக்குள் வந்து சேருகிறது என்பது சுகாதாரத்தில் கருத்துள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

நன்மையும் செய்யும் உயிர்

ஈரி ஏரியில் அன்று பெருகியிருந்தது நீலப்பச்சைப் பாசி. பாசி என்று வழக்கத்தில் சொல்லிவிட்டோமே தவிர, அது தாவர வர்க்கத்தைச் சேர்ந்ததன்று. சூரிய வெளிச்சத்தைக் கொண்டு தனக்கு வேண்டிய ஆகாரத்தைத் தானே சமைத்துக்கொள்ளும் ஒருவகை பாக்டீரியா. இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சூக்ஷ்ம ஜீவராசிகள் விட்ட மூச்சினால்தான் பூமியின் ஆகாயத்தில் பிராணவாயு நிரம்பத் தொடங்கிற்று. நெல் வயல்களில் தேங்கும் நீரில் இவற்றுள் சில இனங்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றிப் பயிருக்கு உரமாக்கித் தருகின்றன. 

ஆகவே, இவ்வுயிரைப் பிறவிப் பகையாக எண்ணுவது நியாயமன்று. எந்த ஏரியிலும் ஆயிரக்கணக்கான நுண்ணுயிர் இனங்கள் ஒன்றையொன்று தடுத்தும் தாங்கியும் வாழ்கின்றன. உஷ்ணமோ, வெளிச்சமோ, உப்புச் சத்துக்களோ அளவு மாறும்போது அந்தச் சமநிலை குலைந்து, ஓரினம் மட்டும் கட்டுமீறி விருத்தியடைகிறது.

வெயிலும் காற்றும்

நீர் 4 டிகிரி சென்டிகிரேடில் மிகுந்த அடர்த்தி பெறும்; அதற்குமேல் சூடேறச் சூடேற இலேசாகும். ஆதலால் ஆழமான ஏரிகளில் கோடைக்காலத்து வெயில் மேல்நீரைச் சூடாக்கியதும், அது கனமான குளிர்நீரின்மேல் எண்ணெய் மிதப்பதுபோல ஓர் அடுக்காக நின்றுவிடுகிறது; காற்று பலமாக வீசிக் கலக்கினாலன்றி இரண்டும் சேர்வதில்லை. மேலடுக்கிலுள்ள மற்றப் பாசி வகைகளில் பல, தம்மைத் தாங்கும் அலைகள் ஓய்ந்தவுடன் மெல்லத் தாழ்ந்து இருளில் மறைகின்றன. டொலிடோவில் துன்பம் விளைவித்த மைக்ரோசிஸ்டிஸ் என்னும் இனத்துக்கோ, தன் உடலுக்குள்ளேயே நுண்ணிய வாயுப் பைகள் உண்டு. அவற்றின் உதவியால் அது வெளிச்சத்தை நாடி மேலே எழும்பவும், வேண்டும்போது தாழவும் வல்லது. 25 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணம் அதற்கு மிகவும் ஏற்றது. அசைவற்ற, வெதுவெதுப்பான நீர் மற்றவற்றுக்கு நலிவாகும் வேளையில் இதற்கு வாழ்வாகிறது.

அடியடுக்கில் நடப்பதும் கவனிக்கத் தக்கது. மேலிருந்து விழும் சருகும் இறந்த உயிர்களும் அங்கே மட்கும்போது பிராணவாயு செலவாகிவிடுகிறது. புதிய காற்றோ அந்த ஆழத்துக்கு இறங்குவதில்லை. பிராணவாயு அற்றுப் போனதும், சேற்றிலே இரும்புடன் பிணைந்து கிடந்த, பாசிக்குச் சத்தாகும் பாஸ்பரஸ் கட்டவிழ்ந்து நீரில் கரைகிறது. வெளியிலிருந்து வருவதை நிறுத்திய பின்னும் சில ஏரிகள் பல ஆண்டுகள் பச்சையாகவே இருப்பதற்குக் காரணம், முன்னாளில் கொட்டியதைச் சேறு இவ்வாறு திருப்பித் தருவதுதான்.

திரையிட்ட ஏரி

பாசியைப் பெருக்கும் சத்துக்களுள் எது குற்றவாளி என்பது ஒரு காலத்தில் பெரிய விவாதமாக இருந்தது. கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 1973-இல் 226 என்ற எண்ணிட்ட ஒரு சிற்றேரியின் இடுப்பில் திரை கட்டி அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கரியும் நைட்ரஜனும் மட்டும் இட்டார்கள். மற்றப் பாதிக்கு அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் பெற்ற பாதி சில வாரங்களிலேயே பச்சைப் பசேலென்று மாறிவிட, மற்றது முன்போலவே இருண்ட நிறத்துடன் தெளிந்து கிடந்தது. ஆகாய விமானத்திலிருந்து எடுத்த அந்தப் புகைப்படத்தைக் கண்டபின் தர்க்கத்துக்கு அதிக இடமிருக்கவில்லை.

ஈரி ஏரியின் மேற்குப் பகுதி சராசரி ஏழு மீட்டர் ஆழமே உடையது. சீக்கிரம் சூடேறக் கூடியது. மக்காச்சோளமும் சோயாவும் விளையும் பரந்த நிலங்களின் வடிகாலாகிய மௌமி நதி அதில்தான் கலக்கிறது. வசந்த காலத்து மழை வயலில் இட்ட உரத்தையும் சாணத்தையும் கரைத்துக்கொண்டு வருமாயின், அவ்வாண்டின் கோடைப்பாசி எவ்வளவிருக்கும் என்பதை அந்த வரவைக் கொண்டே முன்கூட்டிக் கணிக்கிறார்கள். 2014-இல் காற்றும் சேர்ந்துகொண்டு, நகரத்துக்கு நீர் இழுக்கும் வாயருகே பாசியைக் கொண்டுபோய்க் குவித்தது.

ஈரலை நாடும் நஞ்சு

மைக்ரோசிஸ்டிஸ் பாசி தன்னுள் உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்னும் நஞ்சு ஏழு அமினோ அமிலங்களை வளையமாகக் கோத்த ஒரு பொருள். வளையமாக இருப்பதாலேயே உறுதி மிக்கது, கொதிநிலையிலும் சிதைவதில்லை. பாசியின் உயிரணுக்களை உஷ்ணம் உடைக்கவே உள்ளிருந்த நஞ்சு நீரில் கலக்கிறது. நீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட மிஞ்சிய நீரில் அதன் செறிவு ஏறுகிறது. உடலுக்குள் சென்றதும் அது கல்லீரலை நாடி, அங்கே உயிரணுக்களின் கட்டுக்கோப்பைக் காக்கும் சில நொதிகளை முடக்கிவிடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, என்பதே உலக சுகாதார நிறுவனம் நீண்டகாலப் பயன்பாட்டுக்கு வகுத்த வரம்பு.

பாசியைக் கொன்றுவிடலாம் என்று அவசரப்படுவதும் ஆபத்து. 1979-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாம் தீவில், அணைநீரில் பெருகிய இவ்வகைப் பாசியின் வேறோர் இனத்தை அழிக்க மயில்துத்தம் இட்டார்கள். செத்த பாசியின் நஞ்சு நீரில் இறங்கியது. சில நாட்களுக்குள் 138 குழந்தைகளும் 10 பெரியவர்களும் நோயுற்றார்கள். 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரத்தில் நடந்ததோ நெஞ்சை உருக்குவது. சிறுநீரகம் பழுதுற்று டயாலிசிஸ் செய்துகொள்ள வந்தவர்களின் ரத்தத்தோடு, சரியாகச் சுத்திகரிக்கப்படாத நீரின் வழியே அந்த நஞ்சு நேரே கலந்துவிட, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிழைக்க வந்த இடத்தில், வயிறும் குடலும் தரும் சிறிதளவு பாதுகாப்புகூட அவர்களுக்கு இல்லாமற் போயிற்று.

கரையில் நிற்கும்போது

பச்சையாக இருப்பதெல்லாம் விஷமன்று. ஒரு குச்சியை விட்டுத் தூக்கினால் கூந்தல்போல இழையிழையாகத் தொங்குவது பெரும்பாலும் தீங்கற்ற பச்சைப்பாசி. பெயின்டைக் கரைத்து ஊற்றியதுபோலக் குச்சியில் பூசிக்கொண்டு வருவதே சந்தேகத்துக்குரியது. நஞ்சு உண்டா இல்லையா என்பதைப் பரிசோதனைச் சாலைதான் சொல்ல முடியும். ஆதலால் சந்தேகம் தட்டினாலே குளிப்பதையும், குழந்தைகளை விளையாட விடுவதையும், மாட்டை நீர் காட்ட ஓட்டிச் செல்வதையும் நிறுத்திவிடுவது நல்லது. அந்நீரில் பிடித்த மீனின் குடலையும் ஈரலையும் அகற்றிவிட வேண்டும். நனைந்தவர்கள் நல்ல நீரில் உடம்பைக் கழுவிக்கொள்வதும், பிறகு வாந்தியோ வயிற்றுவலியோ தோல் தடிப்போ தோன்றினால் டாக்டரிடம் இன்ன நீரில் இறங்கினோம் என்று மறவாமல் சொல்வதும் அவசியம். இதற்கென்று மாற்றுமருந்து கிடையாது. நகரங்களின் சுத்திகரிப்பு நிலையங்களில் முதலில் பாசியை உடையாமல் வடித்தெடுத்து, பின்பு கிளர்வூட்டிய கரியைக் கொண்டு நஞ்சை ஈர்த்து, குளோரினால் மிச்சத்தைச் சிதைக்கிறார்கள்.

வாஷிங்டன் ஏரியில் நடந்தது

தீங்கின் வேரையே நீக்கவும் முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தை அடுத்த வாஷிங்டன் ஏரியில் சுற்றுப்புற ஊர்களின் கழிவுநீர் விழுந்துகொண்டிருந்த காலத்தில், 1955-இல், எட்மண்ட்ஸன் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் நீலப்பச்சைப் பாசியின் ஓரினம் தலைகாட்டுவதைக் கண்டார்கள். அவர் ஊராருக்கு எடுத்துச் சொன்னார். ஜனங்கள் வாக்களித்துத் தம் பணத்தாலேயே பெருங்குழாய்கள் பதித்து, 1963 முதல் 1968 வரையில் படிப்படியாகக் கழிவுநீரை ஏரியிலிருந்து திருப்பிவிட்டார்கள். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது எந்த ஆழத்தில் மறைகிறது என்று அளப்பது ஏரி ஆராய்ச்சியாளரின் வழக்கம். 1963 கோடையில் சுமார் ஒரு மீட்டரிலேயே மறைந்த தட்டு, 1971-இல் ஏறக்குறைய மூன்று மீட்டர் வரையில் தெரிந்தது. இழையிழையாக வளரும் அந்த நீலப்பச்சைப் பாசி அற்றுப்போய், நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிர்களின் வடிகட்டும் உறுப்புகளுக்கு இடையூறு நீங்கியதும், 1976-இல் அவை ஏராளமாகத் தோன்றி எஞ்சிய பாசியையும் மேயத் தொடங்கின. தட்டு முன்னிலும் ஆழத்தில் கண்ணுக்குப் புலப்பட்டது.